செல்லப்பாவின் பெயரை எடுத்த மங்கை

மங்கையற்கரசியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. அம்பாங்கானிலிருந்து பஸ் ஏறி, மலேசியாவில் ரந்தாவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்ட ஆபீசுக்கு வருவாள். 1997இல் காலைப் பெரட்டில், அதாவது ஆள்கணக்கில், யார் வந்தார், யார் வரவில்லை என்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதியவள் அவள்தான். "கணேசமூர்த்தி அண்ணே, பாஸ்வேர்ட எழுதி ஒட்டாதீங்க. யாரு எப்ப தொட்டாங்கன்னு லாக் இருக்கணும். வேலைய விட்டுப் போனவங்க பேர அன்னிக்கே எடுத்துறணும்" என்று சின்னக் கிராணியான என் உயிரை வாங்குவாள்.

அந்தக் கடைசிச் சட்டத்தை அவளே மீறினாள். தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி செல்லப்பா மாரடைப்பில் போனபோது அவர் மனைவி சிவபாக்கியம், "வருசத் திவசம் வரைக்கும் கம்ப்யூட்டரில இருந்து அவரின்ர பேரை எடுக்காதை பிள்ளை" என்று கேட்டார். பாவம், மங்கையும் மனமிரங்கிவிட்டாள்.

மூன்று மாதம் கழித்துப் பால்வெட்டும் முத்தாயி, தோட்ட மேனேஜரான துரையின் கடிதத்தோடு வந்து அழுதாள்.

"இருவத்திநாலு நாளு வேலக்கி வரலியாம்! சனிக்கெழம தோட்டம் குடுத்த லயத்து வீட்ட காலி பண்ணணுமாம். இந்த மூணு மாசத்துல ஒரு நாகூட நான் லீவு போடலியே ஐயா!"

தினமும் காலையில் 'வந்தாள்' என்று கம்ப்யூட்டரில் அடித்தவன் நான். மங்கை லாக்கைத் திறந்தாள். அந்த இருபத்துநாலு நாளும் பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு அது 'வரவில்லை' என்று மாறியிருந்தது. மாற்றியவர் பெயர் செல்லப்பா.

"பூசாரியக் கூப்புடுவோம்லா" என்றேன்.

"செத்தவருக்கு எதுக்கண்ணே பாஸ்வேர்டு?" என்று சீறினாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடப் போகாமல் ஸ்டோர் அறையில் ஒளிந்திருந்தோம். பூட்டில் சாவி திரும்பியது. செல்லப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவபாக்கியம் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் எழுதி வைத்திருந்த பாஸ்வேர்டை அடித்தார். யாருக்கோ பதில் சொல்வதுபோல வாய் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தது. செல்லப்பா இறந்த அன்று மேசையில் விட்டுப்போன பெரட்டுத் தாளைப் பிரித்து, ஒவ்வொரு பெயராக அடித்தார். செல்லப்பா இறந்த அந்த ஒரு நாள் முத்தாயி மட்டும் வேலைக்கு வரவில்லை; அதையே தினமும் ஏற்றியிருக்கிறார். மற்றவர்களுக்கு வராத நாளும் வந்ததாக விழுந்திருக்கிறது; எவன் வாயைத் திறப்பான்!

மங்கை பக்கத்தில் போனாள். "மாமி, என்ன செய்யிறீங்க?"

"அவர் விட்ட வேலை பிள்ளை. நான் அடிச்சா அவரின்ர பேர் வருது."

மங்கை அழுதுகொண்டே அப்போதே செல்லப்பாவின் பெயரை எடுத்தாள். லாக்கை அச்சடித்துத் துரையிடம் காட்டினோம். முத்தாயிக்கு வீடு தப்பியது.

திங்கட்கிழமை சிவபாக்கியம் மறுபடி வந்தார். தடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. செல்லப்பாவின் பெயரை மூன்று முறை அடித்தார். அப்படி ஒருவர் இல்லை என்றே மூன்று முறையும் திரையில் வந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மங்கையைப் பார்த்தார்.

"அப்ப, இவ்வளவு நாளும் இந்தப் பெட்டிக்குள்ள இருந்து என்னோடை கதைச்சது ஆர் பிள்ளை?"