சீரில் வந்த சிவப்பு பிரிட்ஜ்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிறந்த வீடு ராஜபாளையம், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூர். மாப்பிள்ளை வீட்டார் கேட்காமலே, சீரோடு ஒரு பிரிட்ஜும் தருவதாக அப்பா சொல்லிவிட்டார். பேண்டேஜ் துணி கம்பெனியில் பண்டல் கட்டி அனுப்பும் வேலை அவருக்கு. அவருடைய சம்பளத்துக்கு அது பெரிய சாமான்.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. நான் ஆறாவது படிக்கும்போது, ஊர் மாறிப்போன கம்பெனி மேனேஜரிடம் அப்பா வாங்கிய பழைய பிரிட்ஜ். கதவைச் சாத்தினால் கார் கதவு மாதிரி சத்தம் கேட்கும். பத்து வருடத்துக்கு மேல் ஓடியும், கதவு ரப்பரை ஒரு தடவை மாற்றியதோடு சரி. கடையில் அதே மாதிரி கனமான வெள்ளை பிரிட்ஜ் ஒன்றைக் கண்டதும் அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. எனக்குப் பிடித்தது பக்கத்தில் நின்ற சிவப்பு. அப்பா அதன் பக்கவாட்டில் விரலால் தட்டிப் பார்த்தார்.

“தகரம் ரொம்ப மெலிசா இருக்கேம்மா.”

“இப்ப வாரதெல்லாம் அப்படித்தாம்ப்பா. அந்த வெள்ளை கிழட்டு மாடலு.”

கடைக்காரரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். “சரி, பிள்ளைக்குப் பிடிச்சதையே போடுங்க” என்றார்.

மூன்றாம் வருடம் அதில் தண்ணீர் குளிரவில்லை. மெக்கானிக் வந்து கேஸ் நிரப்பினார். இரண்டு மாதத்தில் மறுபடியும் அதே கதை. மறுபடியும் நிரப்பினார். மூன்றாவது தடவை வந்தவர் பையைத் திறக்கக்கூட இல்லை.

“பழைய பெட்டின்னா பைப்பெல்லாம் வெளிய தெரியும்க்கா. ஓட்டைய பத்தவச்சு அடைச்சிரலாம். இதுல எல்லாத்தையும் சுவத்துக்குள்ள வச்சு மூடிட்டான். எங்கன்னு போய்த் தேட? இதுக்கு மேல செலவு பண்ணாதீய.”

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரியிடம் மாமியார் சொன்னது அடுப்படி வரை கேட்டது. “அவ அப்பா விலை கொறஞ்சதாப் பாத்து எடுத்திருப்பாரு போல.”

உண்மையில் சிவப்புதான் விலை கூடியது. வெளியே போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டே நின்றேன்.

அம்மா வீட்டில் நான் மூச்சு விடவில்லை. போகும்போதெல்லாம் அப்பா, “பிரிட்ஜ் நல்லா ஓடுதா?” என்று கேட்பார். ஓடுது என்பேன். இங்கே அதற்குள் உளுந்து, துவரம்பருப்பு, மல்லி என்று டப்பா டப்பாவாக அடுக்கிவைத்திருந்தேன். வண்டு வராது. கீழ்த் தட்டில் என் மகனின் பழைய துணிகள்.

மகனின் இரண்டாவது பிறந்தநாளுக்கு அப்பா திராட்சை வாங்கிக்கொண்டு வந்தார். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது, பிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடி அவர் நின்றிருந்தார். உள்ளே விளக்கு எரியவில்லை. திராட்சைப் பை அவர் கையிலேயே இருந்தது.

“எம்புட்டு நாளாம்மா இப்படி?”

“ஒரு வருசம் இருக்கும்ப்பா.”

“எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான?”

நான் பதில் சொல்லும் முன்னால் மாமியார் வந்துவிட்டார். அப்பா கதவை மெல்லச் சாத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

“சம்பந்தியம்மா, தப்பு எம்பேருலதான். எனக்கு இதைப் பத்தி வெவரம் பத்தாது. நாந்தான் இதையே எடுப்போம்னு நின்னேன்.”

“அதுக்கு நீங்க என்ன செய்வீய” என்றார் மாமியார். அவருக்கே சங்கடமாகிவிட்டது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கடையில் அடம்பிடித்தது நான் என்று சொல்ல ஒரு நொடி போதும். மாமியார் முன்னால் எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு டெம்போ வாசலில் வந்து நின்றது. பின்னால், கயிறு போட்டுக் கட்டிய எங்கள் வீட்டுப் பழைய பிரிட்ஜ். அது ஆடாமல் இருக்க ஒரு கையால் அணைத்துப் பிடித்தபடி அப்பா உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் புழுதி.

“அம்மா என்னப்பா செய்வா?”

“ரெண்டு பேரு சோத்துக்கு எதுக்கும்மா அது? நீ பிள்ளைக்குப் பால் வை.”

ஓடியது. ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது. அங்கே, மாவு புளித்துவிடும் என்பதால், மணிக்கட்டு வலியோடு அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாக மாவாட்ட ஆரம்பித்தாள். அப்பா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாலும் வாசல் பக்கத்து நாற்காலியில் செத்த நேரம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவார். சாப்பிடச் சொன்னால், “பஸ் போயிரும்மா” என்பார். ராஜபாளையத்துக்குப் பஸ் இல்லாத நேரமே கிடையாது.

இரண்டு வருடத்துக்குள் அவர் போய்விட்டார். கம்பெனியில் பண்டல் கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது.

பழைய பிரிட்ஜைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி அம்மாவிடம் கெஞ்சினேன். “ஒத்த ஆளுக்கு எதுக்குட்டி” என்று மறுத்துவிட்டாள்.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பிய மறுநாள், மாமியார் அடுப்படியில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“அத்தே, அந்தச் சிவப்பு பிரிட்ஜ எங்கப்பா எடுக்கல. அவிய வேண்டாம்னுதான் நெனச்சாவ. நாந்தான் கேட்டு வாங்கினேன்.”

அவர் கை நின்றது.

“அந்த மனுசன் இருக்கையில சொல்லிருக்கலாம்லட்டி” என்றார்.