எட்டாவது அம்பு

அந்த வீரனின் உடம்பில் ஏழு அம்புகள் என்று எழுதச் சொன்னார் என் பேராசிரியர். எழுதினேன். பொய் என்று தெரிந்தே, அழகான கையெழுத்தில் எழுதினேன். அவர்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என்மேலேயே இருக்கிறது. அதனால் இதை எழுதும்போது யாரையும் விட்டுவைப்பதாக இல்லை.

சூளகிரிக்குத் தெற்கே, உத்தனப்பள்ளி போகிற வழியில், ஒரு கேழ்வரகு வயலின் வரப்போரத்தில் ஒரு நடுகல் சாய்ந்து கிடந்தது. சண்டையில் செத்தவனுக்காகப் பழைய காலத்தில் நட்ட கல். வில்லும் வாளுமாக ஓர் ஆள். அவன் நெஞ்சிலிருந்து தொடைவரை குறுக்கும் சாய்வுமாக ஏழு கோடுகள். அறுபதுகளின் கடைசியில் நான் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது அந்தப் பக்கத்து நடுகற்களைத்தான். என் பேராசிரியர் அதுவரை இந்தக் கல்லை நேரில் பார்த்ததில்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்த மைப்படியைத்தான் பார்த்தார். மைப்படி எடுப்பது சுலபமில்லை. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டித் தட்டி, வெயிலில் தாள் காய்ந்து உரிவதற்குள் மையை ஒற்றி எடுக்க வேண்டும். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். அந்த ஏழு வெள்ளைக் கோடுகளைப் பார்த்ததும் அவருக்குப் புல்லரித்துவிட்டது.

"ஏழு அம்பு தைத்தும் விழாமல் நின்றிருக்கிறான்! இதுதாம்மா உன் ஆய்வுக்கே உயிர்" என்றார்.

அம்பும் இல்லை, மண்ணும் இல்லை. அது அரிவாள் தீட்டிய தடம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், தீட்டியவர்களில் நானும் ஒருத்தி. அறுப்புக் காலத்தில் எங்கள் காலனிப் பெண்கள் அந்த வயலுக்குத்தான் கூலிக்குப் போவார்கள். ஈர மணலைக் கல்மேல் தூவி, அரிவாளைச் சாய்த்துப் பிடித்துப் பத்து இழுப்பு இழுத்தால் பதம் வந்துவிடும். வருஷக்கணக்கில் இழுத்து ஒரு தடம் ஆழமாகிவிட்டால் அரிவாள் அதில் சரியாக உட்காராது. பக்கத்தில் புதிதாக ஒன்றை ஆரம்பிப்போம். ஏழாவது தடம் என் அம்மா ஆரம்பித்தது. பள்ளி விடுமுறைகளில் நானும் அதில் தீட்டியிருக்கிறேன். ஊர்க்காரர்கள் கும்பிடுகிற கல் ஊருக்குள் இருந்தது, அதன் பக்கத்தில் எங்களை விடமாட்டார்கள். இந்தக் கல்லை யாரும் கும்பிடவில்லை. எங்களுக்கோ மாதா கோயில் இருந்தது. அதனால் ஒருத்திக்கும் மனசு உறுத்தவில்லை.

இதை அவரிடம் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை என்பதுதான் கேவலம். "அந்த ஊர்க்காரங்க அப்படிச் சொல்றாங்க சார்" என்றேன். மிஷன் பள்ளியில் படித்து, விடுதியில் தங்கி, கல்லூரிவரை வந்தவள் நான். அம்மா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் விவசாயம் என்பேன். அது பொய்யில்லை, நிலம்தான் எங்களுடையது இல்லை.

"எந்தப் புத்தகத்தில் இருக்கு?"

"புத்தகத்தில் இல்லை சார்."

"கூலிக்காரி சொன்னாள்னு அடிக்குறிப்பு போட முடியுமாம்மா? நாளைக்கு நாலு பேர் சிரிக்கமாட்டாங்க?" அரிவாள் தடம் என்று நான் எழுதியிருந்த பத்தியைச் சிவப்புப் பென்சிலால் குறுக்கே அடித்தார். அடித்த வேகத்தில் தாள் கிழிந்தது.

அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டை அனுப்ப முடியாது. பட்டம் வந்தால் அதே கல்லூரியில் விரிவுரையாளர் வேலை எனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வேலை கிடைத்தால் முதல் காரியமாக அம்மாவை வயலிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். அதற்காக ஏழு அம்புகளையும் விழுங்கினேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தக் கல்லைப் படம் எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஒரு கார்த்திகை மாதக் காலையில், வாடகைக் காரில், கழுத்தில் கேமராவுடன் புறப்பட்டார். வழி காட்ட நான். அது அறுப்புக் காலம் என்பது எனக்குத் தெரியும், வேறு நாள் போகலாம் என்று இரண்டு முறை சொல்லியும் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

வரப்பில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. சரக், சரக். என் அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கல்லில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு எல்லாம் கண்ணெதிரே இருந்தது. கை, அரிவாள், மணல், தடம். ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் அதுகூடப் புரிந்துகொண்டிருக்கும். அவர் என்ன செய்தார் தெரியுமா? கத்தினார்.

"அறிவிருக்கா உனக்கு? ஆயிரம் வருஷத்துக் கல்லு! இப்படித் தேய்ச்சுத் தேய்ச்சு அந்த அம்பையெல்லாம் அழிச்சிருவீங்க போலிருக்கே!"

அம்மா பதறி எழுந்தாள். அரிவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், என் சேலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஒரே நொடியில் கணக்குப் போட்டுவிட்டாள். "தெரியாம பண்ணிட்டேன் சாமி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, யாரோ ஊரார் வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோல என் பக்கம் திரும்பினாள். "நீங்களாச்சும் ஐயாகிட்ட சொல்லுங்கம்மா."

நீங்களாம். அம்மாவாம். பெற்றவள் என்னைப் பார்த்துச் சொல்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அவர்மேல் வந்ததா, என்மேல் வந்ததா, இப்படி நடிக்க அவளைப் பழக்கிய ஊர்மேல் வந்ததா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"சார், இது என் அம்மா" என்றேன். "இவங்க எதையும் அழிக்கலை. உங்க ஏழு அம்பையும் உண்டாக்கினதே நாங்கதான். இதோ பாருங்க, எட்டாவது தயாராயிட்டிருக்கு."

ஏழாவது தடம் ஆழமாகிவிட்டதால் அம்மா அந்த வருஷம் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தாள். ஈரம் காயாமல் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மாவை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு படம் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். என்னை ஏறச் சொல்லவில்லை. நானும் ஏறுவதாக இல்லை.

கையெழுத்து வரவில்லை. ஆய்வேடு டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அம்மா வயல் வேலையை விடுவதற்கு இன்னும் மூன்று அறுப்பு ஆனது. அந்த மூன்று அறுப்புகளுக்காக நான் அவரை மன்னிக்கவே மாட்டேன்.

பிறகு அவருடைய புத்தகம் வந்தது. முதல் பக்கத்திலேயே அந்தக் கல்லின் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில்: எட்டு அம்புகள் தைத்த வீரன். படத்தை வைத்துத் திரும்பவும் எண்ணியிருக்கிறார் போலும். அடிக்குறிப்பில், மைப்படியில் ஓர் அம்பு விடுபட்டுப்போனது என்றும், அது உதவியாளரின் கவனக்குறைவு என்றும் எழுதியிருந்தார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கடைசிக் கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"அப்ப அந்த ஆளு செத்ததுக்கு நானும் ஒரு காரணமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

சிரிக்காதே என்று கத்தினேன். அவள் கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தாள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.