தலையணையில் பழகிய கை

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்ததும் நான் முதலில் கற்றுக்கொண்டது, கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது. என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் இரவு, அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்து காலை, மறுபடி இரவு. இரவு ஷிப்ட் வாரத்தில் விடிந்து வந்து, குளித்து, தோசை சாப்பிட்டுப் படுத்தாரென்றால் மதியம்வரை வீடு மூச்சுவிடக் கூடாது. படுக்கையறை ஜன்னலில் கம்பளி தொங்கும். குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுவேன். வாசலில் கீரைக்காரி குரல் கேட்டால் ஓடிப்போய்க் கையால் வாயைப் பொத்திக் காட்டுவேன்.

அவர் ஒருநாளும் என்னை அதட்டியதில்லை. தூக்கம் கலைந்தால் சிவந்த கண்ணோடு எழுந்து வந்து, "பரவால்ல, விடு" என்பார். அதுதான் எனக்குத் தாங்காது. ஓடுகிற கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவர். அரைத்தூக்கத்தில் கை எங்கேயாவது போய்விட்டால்? அந்தப் பயத்திலேயே நான் என் வீட்டுக்குள் திருடி மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

மதுரையில் கல்லூரியில் படித்தபோது நான் டிரம்ஸ் வாசித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு குச்சிகள் மட்டும்தான் என்னோடு வந்தன, புடவைகளுக்கு அடியில். டிரம்ஸ் வைக்கக் குவார்ட்டர்ஸில் இடமும் இல்லை, இருந்தால் அடிக்கவும் முடியாது.

ஒரு முற்பகலில், அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, சமையலறைத் தரையில் பழைய தலையணை ஒன்றைப் போட்டு அடித்துப் பார்த்தேன். துளிச் சத்தமில்லை. டிரம்ஸில் அடித்தால் தோல் குச்சியைத் திருப்பித் தூக்கிவிடும். தலையணை தூக்காது. விழுந்த குச்சி விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஒவ்வோர் அடிக்கும் மணிக்கட்டுதான் அதைத் தூக்க வேண்டும். சிறிது நேரத்திலேயே முன்கை இறுகிப்போய்க் குச்சி நழுவியது. கல்லூரியில் இருந்த வேகத்தில் பாதிகூட இல்லை.

அன்றிலிருந்து அது தினப்படி வேலையானது. போனில் தாளம் எண்ணும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டேன். காதில் அதன் டிக் டிக். அதோடு வலது, இடது, வலது, இடது. இரண்டு கைக்கும் ஒரே கனம் வந்த பிறகே செயலியில் வேகத்தை ஏற்ற வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் பொறுக்க முடியவில்லை. வீட்டில் மற்ற எதையும்தான் மெதுவாகச் செய்ய வேண்டியிருக்கிறது, இதையாவது வேகமாகச் செய்யலாமே என்று தினமும் ஏற்றினேன். பல்லைக் கடித்து, தோளைத் தூக்கி, குச்சியை நெரித்துப் பிடித்து அடித்தேன். ஒருநாள் ஈரத்துணியைப் பிழியக் கை மறுத்துவிட்டது. முழங்கைக்குக் கீழே சுருக்கென்று வலி.

அவரே துணியை வாங்கிப் பிழிந்தார். "எதுக்கும்மா இப்படி அடிச்சுக்கற? யாருக்கு வாசிக்கப் போற?"

கோபமில்லாமல்தான் கேட்டார். நான் பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

கை தேறியதும் மறுபடி ஆரம்பித்தேன், இந்த முறை வெட்கப்படுகிற அளவுக்கு மெதுவாக. குச்சியைப் பறவைக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். முன்கை இறுகுகிறது என்று தெரிந்த கணமே வேகத்தைக் குறைத்தேன். மாதங்கள் போயின. பழைய வேகம் வந்தது, பிறகு அதையும் தாண்டியது. சாம்பார் கொதித்து இறங்கும்வரை நிற்காமல் அடித்தாலும் கை தளரவில்லை. கை எவ்வளவு பறந்தாலும் நான் இருந்தது அதே சமையலறையில்தான்.

ஒருநாள் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தார். பக்கத்திலிருக்கும் மந்தாரக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். உள்ளே ஆள் தூங்குவது தெரிந்து கிசுகிசுத்தார். "இன்னாம்மா, தெனம் இந்நேரத்துக்கு மேல தொம்மு தொம்முன்னு கேட்டுகினே இருக்குது. எதுனா இடிக்கிறியா?"

கையை அடக்கத் தெரிந்த எனக்குக் காலை அடக்கத் தெரியவில்லை. தாளத்துக்குக் குதிகாலால் தரையை மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். வெட்கத்தோடு தலையணையைக் காட்டினேன். அவர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க தம்பி ஆர்கெஸ்ட்ரா வச்சிகினு இருக்கான். டிரம்ஸ் அடிக்கிற ஆளு காண்ட்ராக்ட் வேலைக்கு வெளியூரு பூட்டான். கேக்கட்டுமா?"

கணவரிடம் சொன்னேன். "நான் ஃபர்ஸ்ட் ஷிப்டுல இருக்கற வாரம் போய்ப் பாரு" என்றார்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட அறையில் ஒத்திகை. குழுவை நடத்தும் அந்தத் தம்பி கீபோர்டு வாசிப்பவர். ஒரு வேகப் பாட்டை ஆரம்பித்தார். நான் சேர்ந்துகொண்டேன். ஓர் அடிகூடப் பிசகவில்லை. பாதியில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"வேகம் கரெக்டா இருக்குதுங்க. ஆனா சத்தமே வரலியே. பக்கத்துல யாரோ தூங்கிகினு இருக்கற மாதிரி அடிக்கிறீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையை ஓங்கிப் பார்த்தேன். பாதியில் தானாக அடங்கி, பஞ்சுமேல் விழுவதுபோல் விழுந்தது. இத்தனை மாதம் நான் வேகத்தை மட்டும் பழகவில்லை, பயத்தையும் சேர்த்தே பழகியிருக்கிறேன் என்று அங்கேதான் புரிந்தது. பிடிவாதமாக ஓங்கி அடித்தேன். இரண்டு பாட்டிலேயே முன்கை கல்லாகிவிட்டது. சத்தத்தோடு அடிப்பதற்கு என்னிடம் வேகமும் இல்லை, தாக்குப்பிடிக்கும் பலமும் இல்லை.

மறுபடியும் முதலிலிருந்து. அவர் காலை ஷிப்டில் இருக்கும் வாரங்களில் மட்டும் பஸ் பிடித்துப் போவேன். கையைத் தோளுக்கு மேல் தூக்கி, ஒவ்வோர் அடியையும் முழுதாக விழவிட்டு, குச்சி தானே எழும்வரை காத்திருந்தேன். தகரம் அதிரும். முதல் சில நாள்கள் ஒவ்வோர் அடிக்கும் என் தலை வாசல் பக்கம் திரும்பியது, யாரோ எழுந்து வரப்போவதுபோல.

கோடையில் ஒரு கல்யாண வரவேற்பு. மண்டபத்தில் மூன்று மணி நேரக் கச்சேரி. இடைவெளிக்குப் பிறகு மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடைக்கு முன்னால் ஆட இறங்கிவிட்டார்கள். குத்துப்பாட்டை முடிக்கவே விடவில்லை. "இன்னொரு வாட்டி! இன்னொரு வாட்டி!" கீபோர்டு தம்பி என்னைப் பார்த்துத் தலையசைப்பார், மறுபடி தொடங்கும். வலது கை இறுக ஆரம்பித்தது. நிறுத்த வழியில்லை. தோளை இறக்கினேன், வாயைத் திறந்து மூச்சுவிட்டேன், விரல்களைத் தளர்த்திக் குச்சியைத் தோலிடமே விட்டேன். சத்தம் குறையவில்லை. பாட்டு முடிந்தபோது இடது உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது.

கூட்டத்தின் ஓரத்தில், காலை ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த முகத்தோடு, என் கணவர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. மேடையோரம் வந்தவரின் முகத்தில் சந்தோஷத்தைவிடத் திகைப்புதான் அதிகம். நான் இவ்வளவு சத்தம் போட்டு அவர் கேட்டதே இல்லை.

"கை என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

கைக்குட்டையை எடுத்துக் கட்டிவிட்டார். கட்டி முடித்து, குனிந்தபடியே சொன்னார்: "திங்கக்கிழமையிலேர்ந்து நைட் ஷிப்ட்."

"தெரியும்" என்றேன். அடுத்த பாட்டுக்குத் தம்பி விரல் சொடுக்கி எண்ணத் தொடங்கியிருந்தார்.