அம்மாவின் கழுத்தில் ஒரு திருகு

நோவு அம்மாவின் தலைக்குள். டாக்டர் கத்தி வைத்ததோ கழுத்தில். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் மூன்றாம் வகுப்பு படித்த நான் ஒருத்திதான். அதனால் டாக்டர் இடம் மாறி வெட்டிவிட்டார் என்று அப்பாவிடம் அடித்துச் சொன்னேன்.

அம்மாவின் இடது இமை தொங்கிப்போயிருந்தது. எங்கள் ஊர் களமருதூரில் வேப்பிலை அடித்துப் பார்த்த பிறகுதான் மதராஸுக்கு வந்தோம். மூளையில் ஒரு ரத்தக்குழாய் பெரிய நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருக்கிறது, வெடித்தால் உயிர் போய்விடும், அவ்வளவு பெரிசைத் தொடவும் முடியாது என்றார்கள். அதற்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயில், வெளியிலிருந்தே இறுக்கும்படி ஒரு திருகை மாட்டினார்கள்.

"வாய்க்கா கரை ஒடையப் பாத்தா மேல மடைய அடைக்கிறோம் இல்ல? அதாம்மா" என்றார் அப்பா.

"அப்ப மீதி வயலுக்குத் தண்ணி?"



என்னை ஊருக்கு அனுப்பவும் வழியில்லை. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிக்காரர்கள் சாலையெல்லாம் மரங்களைச் சாய்த்திருந்தார்கள். மாமாவும் ஒரு புளியமரத்தை வெட்டினாராம். எங்கள் பிள்ளைகள் படிப்பதற்காக விழுந்த மரங்களால் நான் பள்ளிக்கூடம் போகாமல் வார்டில் கிடந்தேன்.

மூளை மற்றக் குழாய்களுக்குப் பழகட்டும் என்று திருகைத் தினம் கொஞ்சமாகத்தான் இறுக்குவார்கள். அப்போது டாக்டர், "பேசிக்கிட்டே இருங்கம்மா, என் விரலை விடாதீங்க" என்பார். பேச்சோ பிடியோ தளர்ந்தால் மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அர்த்தமாம். அந்நிய ஆளிடம் பேச அம்மாவுக்குக் கூச்சம். என்னைத் திட்டத் தொடங்கிவிடுவாள்.

"இன்னாடி தலை இது, குருவிக்கூடு கணக்கா? இதத்தான் வாத்தியார் சொல்லிக்குடுத்தாரா?"

அப்பா சிரிப்பார். எனக்கு அழுகை முட்டும். நான் என்ன செய்தேன்?

ஒருநாள், "பாவாடையப் பாரு, பாவாட..." என்றவள் பாதியில் நின்றுபோனாள். டாக்டரின் விரலிலிருந்து அவள் கை நழுவியது. டாக்டர் அவசரமாகத் திருகைத் தளர்த்தினார். அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏதனா சேட்டை பண்ணும்மா! பண்ணேன்!"

நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவள் நான். எதுவும் தோன்றவில்லை. கடைசியில், டம்ளரில் இருந்த கஞ்சியைக் கட்டிலில் அப்படியே கவிழ்த்தேன்.

அம்மாவின் உதடு கோணி நடுங்கியது. "எ... எரும" என்றாள். சற்றுப் பொறுத்துத் தெளிவாக, "எரும மாடே! கஞ்சிய ஏண்டி கொட்டின?"

அப்பா உட்கார்ந்து ஓவென்று அழுதார். டாக்டர் சிரித்தார். நர்ஸம்மாகூடக் கோபிக்கவில்லை. ஒன்றும் புரியாமல், கஞ்சி சொட்டும் விரிப்பைப் பிடித்தபடி, "இனிமே பண்ணமாட்டேம்மா" என்று நான் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.