தாசில்தார் ஏலத்துக்குப் போன கதை

போடி பஜாரில் கிறிஸ்டோபரின் பாத்திரக்கடைக்கு வழி கேட்டால் யாரும் கையைப் பிடித்து அழைத்துப் போய் விடுவார்கள். அவர் மனைவி கிருபாவதி என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டுப் பாருங்கள், அதே ஆட்கள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டுதான் பதில் சொல்வார்கள். செத்த பிராணியின் தோலை உரித்து, கெடாமல் பதப்படுத்தி, உள்ளே புதிதாக ஓர் உடம்பு செய்து வைத்து, உயிரோடு இருந்தபோது நின்ற மாதிரியே நிறுத்துகிற வேலை. பாடம் பண்ணுவது என்பார்கள்.

இந்தப் பித்து அவளுக்குக் கோபத்தில் பிடித்தது. விலங்கியல் படித்த கல்லூரியில், கண்ணாடி அலமாரிக்குள் யாரோ எப்போதோ பாடம் பண்ணிய ஒரு மரநாய் இருந்தது. வயிற்றுத் தையலில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருக்கும். முகமோ பல்வலியில் மூன்று நாள் தூங்காத ஆளின் முகம். மற்ற பிள்ளைகள் பார்த்துச் சிரித்தார்கள். கிருபாவதிக்குப் பொறுக்கவில்லை. ஓடி ஆடித் திரிந்த ஒரு உயிரை இப்படியா அசிங்கப்படுத்துவது என்று உத்தமபாளையத்துத் தன் வீட்டுக்குப் போய், சோற்றைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். படிப்பு முடிந்ததும் வெளியூரில் ஒரு பயிற்சிக்குப் போனாள். கல்யாணமாகிப் போடிக்கு வந்த பிறகு கறிக்கடைக் கோழிகளை வைத்துப் பழகினாள். முதலில் பண்ணின கோழிகளைப் பற்றி இங்கே பேசாமல் இருப்பதுதான் அவளுக்கு மரியாதை.

இது லேசுப்பட்ட வேலையில்லை. கறிக்கடைக்காரரைப் போல உரிக்கத் தெரிய வேண்டும், ஆனால் ஒரு இறகு ஒடியக் கூடாது. தோலில் கொழுப்பு துளி ஒட்டியிருந்தாலும் ஆறு மாதத்தில் பூச்சி குடியேறிவிடும், அதனால் பொறுமையாகச் சுரண்டி, வெங்காரம் தடவ வேண்டும். உரிப்பதற்கு முன்பே உடம்பை அளந்து வைத்துக்கொண்டு, அதே அளவில் மரச்சீவலை நூலால் இறுக்கிச் சுற்றி உடம்பு செய்ய வேண்டும். காலுக்குள் கம்பி விட வேண்டும். தைத்த இடம் தெரியக் கூடாது. சேவலாக இருந்தால் கொண்டை காய்ந்து சுருங்கிப்போகும், அதற்கு அச்செடுத்து வார்த்து வர்ணம் பூச வேண்டும். இவ்வளவும் கைக்கு வந்தாலும், அந்தப் பிராணி எப்படி நிற்கும், எப்படி முறைக்கும் என்பது தெரியாவிட்டால் எல்லாம் வீண். போதாக்குறைக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். லாரியில் அடிபட்ட மயிலைத் தூக்கிக்கொண்டு வந்தவரை அவள் வாசலோடு நிறுத்தி வனத்துறை அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பினாள். காட்டு விலங்கு எதையும் தொடமாட்டாள். நாய், பூனை, கோழி, புறா, அவ்வளவுதான்.

கிறிஸ்டோபருக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. அவர் ஒரு காலத்தில் கடையோடு சேர்த்து ஐஸ்கிரீம் விற்கலாமென்று பெரிய குளிர்பெட்டி ஒன்று வாங்கினார். மலைக்காற்று அடிக்கிற போடியில் அந்த ஐஸ்கிரீமை அவரேதான் தின்று தீர்த்தார். பெட்டி வீட்டுக்கு வந்தது, கிருபாவதி அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய தொழில் முழுக்க அந்தப் பெட்டியில்தான் நின்றது, உடனே உறைய வைக்காவிட்டால் எந்த உடம்பும் உதவாது. வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்த ஐயர் (சபைப் போதகரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), எலுமிச்சை ஜூஸுக்கு ஐஸ் தேடித் தாமாகவே பெட்டியைத் திறந்து, பாலிதீன் பைக்குள் ஒரு பூனை தம்மை உற்றுப் பார்ப்பதைக் கண்டார். ஜெபம் அன்று மிகவும் சுருக்கமாக முடிந்தது.

அன்றைக்குத்தான் கிறிஸ்டோபர் தீர்ப்புச் சொன்னார். “செத்தது செத்தது மாதிரிதான் இருக்கும் கிருபா. நீ பண்ணினதுல ஒண்ணையாச்சும் ஒரு மனுசன் உசுரோட இருக்குன்னு நம்பட்டும், அதுக்கப்புறம் நான் வாயே தெறக்க மாட்டேன். இல்லைன்னா அறுப்பின் பண்டிகை முடிஞ்ச மறுநாள் பெட்டியை வித்துருவேன்.” சொன்னதைச் செய்கிற மனுஷன் என்பதுதான் அவரிடம் உள்ள தொந்தரவு.

அந்த நேரத்தில் தேவாரத்திலிருந்து செல்லப்பாண்டி வந்து சேர்ந்தார். தென்னந்தோப்புக்காரர், முரட்டு மீசை, கண் மட்டும் சிவந்திருந்தது. துண்டுக்குள் ஒரு பெரிய செவலைச் சேவல், பனிக்குளிரில் சளி கட்டி விடியற்காலம் செத்தது. அதற்குத் தாசில்தார் என்று பெயர். யாரையும் நேராகப் பார்க்காதாம். தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால், மனு கொடுக்க வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, ஒரு காலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்குமாம்.

“அந்தப் பார்வை வரணும் தாயி,” என்றார் செல்லப்பாண்டி. “அது வரலைன்னா எனக்கு வேண்டாம். வெறும் றெக்கைய வச்சு நான் என்ன செய்ய?”

கிருபாவதி அவருடைய செல்போனில் இருந்த வீடியோக்களைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டு பார்த்தாள், பார்த்தாள், அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வரை பார்த்தாள். கழுத்துக் கம்பியை வளைத்தாள், பிரித்தாள், மறுபடி வளைத்தாள். தபாலில் வந்த கண்ணாடிக் கண் சரியாகத்தான் இருந்தது. அதைச் சுற்றியிருக்கிற இமைதான் வம்பு செய்தது. ஒரு நூல் கீழே இறங்கினால் தாசில்தார் தூங்கினார், ஒரு நூல் மேலே ஏறினால் பயந்தார். களிமண்ணை ஊசி முனையால் தள்ளித் தள்ளி, கடைசியில் ஒரு மத்தியானம் அவள் நிமிர்ந்தபோது, சேவல் அவளை ஏளனமாகப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிறிஸ்டோபரைக் கூப்பிட்டுக் காட்ட நினைத்தாள். அவரோ கொள்கைப் பிடிப்போடு அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

பண்டிகை அன்றே சேவலை எடுத்துக்கொள்வதாகச் செல்லப்பாண்டி சொல்லியிருந்தார். பஸ்ஸில் கொண்டுபோக வேண்டுமே என்று கிருபாவதி சந்தையில் மூங்கில் கூடை வாங்கினாள். கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுக்கிற சேவலுக்கும் ஒன்று வேண்டியிருந்ததால், ஒரே மாதிரி இரண்டாக வாங்கினாள். தாசில்தாரை நிறுத்தியிருந்த பலகை ஆடாமல் இருக்கச் சுற்றிலும் வைக்கோல் அடைத்து, தலை மட்டும் வெளியே நீட்டும்படி மேலே வலை கட்டினாள். காணிக்கைச் சேவலுக்கும் அடியில் வைக்கோல், மேலே வலை. இரண்டையும் பின்கட்டில் வைத்துவிட்டு, பண்டிகைச் சமையலுக்கு விடியுமுன்பே கோயிலுக்குக் கிளம்பினாள். பின்கட்டில் கூடையில் இருக்கிற சேவலை எடுத்துக்கொண்டு வரச்சொல்லிப் போர்வைக்குள் இருந்த கிறிஸ்டோபரிடம் சொன்னாள். அவர் போர்வைக்குள்ளேயே தலையாட்டினார்.

எங்கள் பக்கத்து வேதக் கோயில்களில், விளைச்சலுக்கு நன்றி சொல்லுகிற அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனை பாதி, ஏலம் பாதி. பூசணிக்காய், ஏலக்காய், முட்டை, கோழி என்று அவரவர் வீட்டிலிருந்து வருவதை ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம் விடுவார்கள். ஏலம் போடுபவர் ஜெபமணி, வாய் சும்மா இருக்காது. வெறும் முருங்கைக்காயையே பரலோகத்துக் காய் என்று விற்றுவிடுவார். கிருபாவதி கையில் கரண்டியோடு சமையல் கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது, அவர் ஒரு கூடையைக் காட்டிப் புகழ்ந்துகொண்டிருந்தார். கோயில் கமிட்டிச் செயலாளர் கிறிஸ்டோபர் வீட்டுச் சேவலாம். மற்ற கோழிகளெல்லாம் பிரசங்கத்தின்போது கத்தித் தொலைக்க, இது ஒன்றுதான் ஆடாமல் அசையாமல் முழுப் பிரசங்கத்தையும் கேட்டதாம்.

வலைக்கு மேலே தாசில்தாரின் தலை ஏளனமாகச் சாய்ந்திருந்தது.

சத்தம் போட்டால் புருஷன் மானம் போகும். காணிக்கை என்று செத்த சேவலைக் கொண்டுவந்த செயலாளர் என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டுவார்கள். சும்மா இருந்தால் செல்லப்பாண்டியின் தாசில்தார் யார் வீட்டுக்கோ போய்விடும். அவளுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கரண்டியைத் தூக்கி ஏலம் கேட்டாள். மசாலாக் கடை ஏசுதாசன் அவளுக்கு மேல் கேட்டார், விடியுமுன் கூவித் தூக்கத்தைக் கெடுக்காத சேவலுக்காக ஏங்கிக்கொண்டிருந்தவர் அவர். கிருபாவதி மேலும் கேட்டாள். தன் வீட்டில் கொடுத்த சேவலைத் தானே ஏலம் எடுக்கிற பெண்ணை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிறிஸ்டோபர் தூணுக்குப் பின்னாலிருந்து கையால் ஜாடை காட்டினார், அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஜெபமணி இழுத்தபோது வாசலில் செல்லப்பாண்டி நின்றார். வீடு பூட்டியிருந்ததால் அக்கம்பக்கத்தார் இங்கே அனுப்பியிருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் அவ்வளவு தூரத்திலிருந்து அந்தத் தலையை மட்டும்தான் பார்த்தார். அவ்வளவுதான், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏலே, இங்கனயா இருக்க?” என்றார் மெதுவாக. பிறகு மீசை நனைய அழுதார்.

ஜெபமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வலையை விலக்கிச் சேவலைத் தூக்கிக் காட்டினார். சேவலோடு பலகையும் வந்தது. ஏசுதாசன் தூக்கிய கையைத் தலை சொறிகிற மாதிரி இறக்கிக்கொண்டார். அப்புறம் சிரிப்பு கிளம்பியது, ஐயரும் அங்கியால் முகத்தை மூடிக்கொண்டார். கிருபாவதி நடந்ததைச் சொல்லி, சேவலைச் செல்லப்பாண்டியிடமே கொடுத்துவிடும்படி கேட்டாள். அவர் ஒப்பவில்லை. சாமிக்கு என்று வந்த பிறகு சும்மா வாங்கிப் போகமாட்டேன் என்று நின்று, ஏசுதாசன் கேட்டதற்கு மேலேயே கேட்டு, மூன்றாம் தரம் போட்ட பிறகுதான் தூக்கிக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் கிருபாவதி காலிக் கூடையை எடுக்கப் போனாள். வைக்கோலுக்குள் ஏதோ மினுங்கியது. எவர்சில்வர் கிண்ணம், அவர்கள் கடைப் பெயர் வெட்டியது. உள்ளே நொய்யரிசி, ஒரு மணிகூடக் குறையாமல். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். கிறிஸ்டோபர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் கூடைச் சேவல் படபடவென்று அடித்துக்கொண்டதாகவும், வெள்ளை வேட்டிக்குப் பயந்து சாதுவாக இருந்ததை எடுத்ததாகவும் தானாகவே சொன்னார்.

“அரிசி?” என்றாள் கிருபாவதி.

அவர் கோயில் மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தார். “காலையில இருந்து பட்டினியா நிக்குதேன்னு வச்சேன். தின்னவே இல்லை. என்னையவும் ஒரு மாதிரியாத்தான் பாத்துச்சு.”

பெட்டியைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. கூடையை மட்டும் அவரே வாங்கி ஸ்கூட்டரில் கட்டினார்.