தோற்கப் போகும் தேர்தலுக்கு ஒரு லீவ்

வளைகுடாவில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் எங்கள் சைட்டுக்கு சேஃப்டி ஆபீசராக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர்; ஆஸ்திரேலியாவில் குடியுரிமை வாங்கியவர். வெயிலில் கருத்த முகம், எப்போதும் தூக்கம் போதாத கண்கள். வேலைக்கான பெர்மிட்டில் கையெழுத்துப் போடுமுன் கடைசி வரி வரை விரல் வைத்து வாசிப்பார். நாங்கள் ஹெல்மெட்டோடு வெயிலில் நின்று மனதுக்குள் அவரைத் திட்டுவோம்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, ஆஸ்திரேலியாவில் தன் தொகுதியில் இடைத்தேர்தல் என்று லீவ் போட்டிருப்பதாகச் சொன்னார். அங்கே ஆட்சியில் இருப்பது அவருடைய கட்சிதான்.

“அப்ப ஜெயிச்ச மாதிரிதான் சார். எங்க ஊர்ல இடைத்தேர்தல்னா மந்திரிங்க எல்லாரும் தெருத்தெருவா வந்து உக்காந்துருவாங்க. ஆளுங்கட்சி லேசுல தோக்காது.”

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “அங்க தலைகீழ். விலைவாசி, வீட்டு வாடகை எண்டு சனத்துக்கு எங்களில சரியான கோவம். நிச்சயமாத் தோத்துப்போவம்.”

“தோக்குறதுக்கா சார் வருஷ லீவ அழிக்கிறீங்க?”

“அங்க வாக்குச்சாவடி வாசலில எல்லாக் கட்சிக்காரரும் நிண்டு நோட்டீஸ் குடுப்பினம். எங்கட ஆள் ஒராளும் நிக்க வேணும். இல்லாட்டி சனம் ஆரை ஏசுறது?”

சொன்னபடியே தோற்றார்கள். திரும்பி வந்த அன்று, “ஆசைதீர ஏசிச்சுது சனம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, பெர்மிட்டின் முதல் வரியில் விரலை வைத்தார்.

எங்கள் ஊர் வாக்குச்சாவடி வாசலில், திட்டு வாங்கவென்றே வந்து நிற்கும் ஆளுங்கட்சிக்காரர் ஒருவரை அவ்வப்போது நினைத்துப் பார்க்கிறேன். இன்றுவரை ஒரு முகமும் வரவில்லை.