மைனஸ் பதினைந்து

அந்த ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்கைத் தெருவில் எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும், மல்டிமீட்டரின் முனையை எங்காவது வைத்துப் பார்க்காமல் பதில் சொல்ல மாட்டார். ஐம்பதைத் தாண்டிய வயது. ஓயாத கழுத்து வலி. வாசலை ஒட்டிய தகரக் கூரை அறையில் ஒரு மேசை, அதுதான் கடை. பெரிய கைராசிக்காரர் என்று சொல்லத் தயங்குவேன். எடுத்த வேலையைப் பாதியில் விடத் தெரியாதவர். அது திறமையா வியாதியா என்பது அவர் மனைவிக்கே இன்னும் பிடிபடவில்லை.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மூன்றாவது முறையாக அதே கிதார் ஆம்ப் அந்த மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் மனைவியின் அண்ணன். ஓர் இசைக்குழுவில் கிதார் வாசிப்பவர்.

"மாப்ளே, இது ஆம்ப் இல்ல, சனியன். நேத்து ஒத்திகையில நாலாவது பாட்டுல கரகரன்னு தொண்டை கட்டுச்சு. அப்புறம் மூச்சே இல்ல."

"குழுக்காரர் என்ன சொன்னாரு மச்சான்?"

"சாயந்திரம் நிகழ்ச்சியிலயும் இப்படி ஆச்சுன்னா வேற ஆள் பாத்துக்கறேன்னாரு. ஆளும் ரெடி. சின்ன வயசு, முதுகு வரைக்கும் முடி."

"அதுக்கு நீ எங்கண்ணே போறது? இருக்கறதே காதோரம் நாலு" என்று உள்ளேயிருந்து தங்கையின் குரல் வந்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. இந்தக் குழுவை விட்டால் அவரைக் கூப்பிட வேறு குழு இல்லை என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆம்புக்குள் இரண்டு விதமான மின்சாரம் உண்டு. ஸ்பீக்கரை அதிரவைக்கப் பெரிய வோல்ட். கிதாரின் மெல்லிய ஒலியை முதலில் வாங்கிக்கொள்ளும் ஐசிகளுக்குச் சின்ன வோல்ட்: பிளஸ் பதினைந்து, மைனஸ் பதினைந்து. பெரியதிலிருந்து சின்னதை இறக்கித் தருபவை இரண்டு தடித்த ரெசிஸ்டர்கள். வேண்டாத வோல்ட்டையெல்லாம் சூடாக்கிக் கழிப்பதுதான் அவற்றின் பிழைப்பு. இறங்கி வந்ததைப் பதினைந்தில் பிடித்து நிறுத்துபவை ஜீனர் டையோடுகள்.

முதல் முறை மைனஸ் பக்கத்து ஜீனரை மாற்றினார் மீட்டர். இரண்டாம் முறை ஐசிகளை. இரண்டு முறையும் ஆம்பைத் திறந்துபோட்டு நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்தார். மைனஸ் பதினைந்து அசையவில்லை. வீட்டை விட்டுப் போனதும் மக்கர் செய்தது.

இன்றும் அதே கதை. மச்சான் தந்தியை மீட்டினால் பளிங்கு மாதிரி ஒலி.

"பாத்தீங்களா, உங்க வீட்டுல மட்டும் நல்ல புள்ளையா நடிக்குது."

"வளர்ப்பு அப்படி மச்சான்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். மாற்ற இனி எதுவும் மிச்சமில்லை. எங்கே தேடுவது என்றே தெரியாத அலுப்பு. மனைவி வந்து மேசை விசிறியின் ஒயரைப் பிடுங்கினாள்.

"துணி ஒண்ணும் காயலங்க. கொஞ்ச நேரம் உள்ள வெச்சுக்கறேன்."

அந்த விசிறி இல்லாமல் அவர் வேலை செய்ததே இல்லை. வியர்த்தால் அவருக்குத் தலை சுற்றும். உட்காரும்போதெல்லாம் அவளே அதை அவர் பக்கம் திருப்பிவைப்பாள்.

அறை புழுங்க ஆரம்பித்தது. சற்று நேரத்தில் ஆம்ப் கரகரத்தது. மைனஸ் பதினைந்து இருக்க வேண்டிய இடத்தில் முனையை வைத்துப் பார்த்தார் மீட்டர். பன்னிரண்டு. ஒன்பது. நான்கு. பிறகு ஒலியே இல்லை.

"போச்சு!" என்றார் மச்சான்.

"போகல மச்சான், இப்பத்தான் வந்திருக்கு."

மரக்குச்சியால் ரெசிஸ்டர் ஒன்றை அழுத்தினார். ஒலி வந்தது. எடுத்தார், போயிற்று. போர்டைப் புரட்டினால், அந்த ரெசிஸ்டரின் காலைச் சுற்றி ஈயப் பற்றில் மயிரிழை விரிசல். சூடேறினால் விரியும், குளிர்ந்தால் ஒட்டிக்கொள்ளும். வெளியே, மூடிய பெட்டிக்குள், அதற்கு ஏது காற்று?

"இத்தனை நாளா ரிப்பேர் பண்ணது நான் இல்ல, அந்த விசிறிதான்."

"அப்ப தப்பு என்னோடதா?" என்றாள் மனைவி.

"காத்து வாங்கிட்டே சூட்டைத் தேடினேன் பாரு, என்னோடதுதான்."

நமக்கு வசதியான இடத்தில் வைத்துத்தான் எதையும் சோதித்துப் பார்க்கிறோம். அது கெடும் இடத்துக்கு நாம் போவதில்லை.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, கால்களைச் சுரண்டி, இரண்டு ரெசிஸ்டர்களையும் போர்டிலிருந்து சற்றுத் தூக்கிவைத்துப் புதிதாகப் பற்றவைத்தார். பெட்டியை மூடி, விசிறியில்லாமல், சட்டை நனைய நனைய ஓடவிட்டார். குரல் மாறவில்லை.

சாயந்திரம் மச்சான் அவரையும் அரங்குக்கு இழுத்துப்போனார். மேடையில் ஆம்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி. முதல் மூன்று பாட்டிலும் கரகரப்பு இல்லை. கிதாரும் இல்லை. குழுக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். மீட்டர் எழுந்து பார்த்தால், ஆம்பின் ஒலிக் குமிழ் ஒன்றாம் எண்ணிலேயே நின்றது.

"ஏன் மச்சான் இவ்ளோ கம்மியா?"

"சூடாயிடுச்சுன்னா?"

"ஆகட்டும். அது வேலையே அதான்."

மச்சான் கையை நீட்டவில்லை. மீட்டரே குமிழை ஆறுக்குத் திருப்பினார். அடுத்த பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால், கிதார் அரங்கின் கடைசி வரிசைவரை போனது. குழுக்காரர் திரும்பினார். முறைக்கவில்லை. மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டும்போது, "ஞாயித்துக்கிழமை ஒத்திகை, நேரத்துக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் குழுக்காரர்.

மச்சான் தலையாட்டினார். ஆளுக்கொரு பக்கமாக ஆம்பைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.

"மெதுவா மச்சான்," என்றார் மீட்டர், "கழுத்து போயிடும்."